வயது போனவர்களுக்கு நித்திரை இல்லை, மறதியும் கூடுகிறது: குளிசையா, மெலடோனினா, பழக்க மாற்றமா, கிளினிக்கா?

"அம்மா ராவிலை நித்திரை கொள்ளுறாவே இல்லை. வரவர மறதியும் கூடிப்போச்சு. ஒரு நித்திரைக் குளிசை வாங்கிக் குடுக்கலாமோ?" கிளிநொச்சி, முல்லைத்தீவுப் பக்கம் வயது போன தாய் தகப்பனை வைத்துப் பார்க்கும் பிள்ளைகள் கேட்கும் கேள்வி இது. வெளிநாட்டில் இருக்கும் பிள்ளை, "நான் மெலடோனின் அனுப்பி விடட்டோ?" என்று போனில் கேட்கிறது. பக்கத்து வளவுப் பெரியம்மா, "வயசு போனா அப்பிடித்தான், விடுங்கோ" என்கிறார். இன்னொருவர் தேத்தண்ணியை நிற்பாட்டச் சொல்கிறார். இன்னொருவர் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போகச் சொல்கிறார். ஆளுக்கொரு யோசனை சொல்ல, கடைசியில் பெரும்பாலும் நடப்பது பாமசிக்குப் போவதுதான்.

அந்த ஐந்து வழிகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்ப்போம். எனக்கு ஒரு பக்கச் சார்பு உண்டு, அதை ஒளிக்கவில்லை: இரவில் எழுப்புவது எது என்று தேடிப் பார்க்காமல் எந்தக் குளிசையையும் தொடங்கக் கூடாது என்று நினைக்கிறேன். ஏன் என்பது போகப் போகத் தெரியும்.

## பயத்தை அளவாக வைத்துக்கொள்வோம்

நித்திரை குறைந்தால் மூளை கெட்டுவிடும் என்ற செய்தி வட்ஸ்அப்பில் சுற்றிக்கொண்டே இருக்கிறது. அதில் உண்மையும் உண்டு, மிகையும் உண்டு. பிரித்தானியாவில் அரச ஊழியர்களாக இருந்த 7,959 பேரை ஏறக்குறைய 25 வருடங்கள் தொடர்ந்து கவனித்த ஆய்வு ஒன்று 2021இல் வெளியானது. 50, 60, 70 வயதுகளில் தொடர்ச்சியாக ஆறு மணித்தியாலமோ அதற்குக் குறைவாகவோ நித்திரை கொண்டவர்களுக்கு மறதி நோய் (டிமென்ஷியா) வரும் வாய்ப்பு, ஏழு மணித்தியாலம் கொண்டவர்களை விட 30 வீதம் கூடுதலாக இருந்தது. கேட்கப் பயமாகத்தான் இருக்கும். ஆனால் அந்த 7,959 பேரில் மறதி நோய் வந்தவர்கள் மொத்தம் 521 பேர். குறைவாக நித்திரை கொண்டவர்களிலும் பெரும்பாலானவர்களுக்கு அது வரவில்லை.

மற்றப் பக்கமும் இருக்கிறது. மறதி நோய் வெளியில் தெரிவதற்குப் பல வருடங்களுக்கு முன்பே மூளைக்குள் தொடங்கிவிடுகிறது, நித்திரையைக் குழப்புவதும் அப்போதே தொடங்கலாம். ஆகவே நித்திரைக் குறைவு சிலருக்கு நோயின் காரணங்களில் ஒன்றாகவும் சிலருக்கு நோயின் முதல் அடையாளமாகவும் இருக்கலாம். முன்பு ஏழு மணித்தியாலம் கொண்டவர் இப்போது ஒன்பது, பத்து மணித்தியாலம் படுத்தே கிடக்கிறார் என்றால் அதையும் கவனிக்க வேண்டும்.

லான்செட் மருத்துவ இதழின் ஆணைக்குழு 2024இல், மாற்றக்கூடிய 14 ஆபத்துக் காரணிகளைப் பட்டியலிட்டது. அவற்றைச் சரியாகக் கவனித்தால் மறதி நோயில் ஏறக்குறைய 45 வீதத்தைத் தடுக்கவோ பிற்போடவோ வாய்ப்புண்டு என்றது. அந்தப் பட்டியலில் நித்திரை இல்லை. அதில் இருப்பவை காது கேளாமை, பார்வைக் குறைவு, பிரஷர், சீனி வருத்தம், கொழுப்பு, தலையில் அடி, மனச்சோர்வு, தனிமை, படிப்புக் குறைவு போன்றவை. வன்னியில் ஒரு கிராமத்து வீதியில் நடந்தால் இவற்றில் பாதியையாவது ஒவ்வொரு வீட்டிலும் காணலாம். 2009 மேயில் முடிந்த போரின் கடைசி மாதங்களில் செல் சத்தத்தில் காது போனவர்கள், தலையில் காயப்பட்டவர்கள், பிள்ளையைத் தேடிக்கொண்டே வயது போனவர்கள் எங்களோடுதான் இருக்கிறார்கள்.

நித்திரைக் குளிசை மறதி நோயைத் தடுக்கும் என்று இதுவரை எந்த ஆய்வும் காட்டவில்லை. இதை மனதில் வைத்துக்கொண்டு மேலே போவோம்.

## எதை வைத்து அளப்பது

கடிகாரத்தைப் பார்த்து "எத்தனை மணித்தியாலம்" என்று மட்டும் அளந்தால் தவறான வழிக்குத்தான் போவோம். நான் பார்ப்பது ஐந்து விஷயங்களை.

முதலாவது, அடுத்த நாள் பகல். கதை தெளிவாக இருக்கிறதா, கதிரையில் இருந்தபடியே தூங்கி விழுகிறாரா? இரண்டாவது, விழுகிற ஆபத்து. எங்கள் பக்கம் கக்கூஸ் பெரும்பாலும் வீட்டுக்குப் பின்னால், முற்றத்தைத் தாண்டி இருக்கிறது. இரவில் ரோச் லைற்றோடு மணலிலும் வேரிலும் கால் வைத்துப் போகிற எழுபத்தைந்து வயதுக்காரருக்குத் தலைச்சுற்று வந்தால் இடுப்பெலும்பு போய்விடும். மூன்றாவது, மாதக்கணக்கில் போகும்போது நினைவுக்கு என்ன செய்கிறது. நான்காவது, காசு: மருந்தின் விலையோடு பஸ், ஓட்டோ, ஒரு நாள் கூலி எல்லாம் சேர்த்து. ஐந்தாவது, வேலை யாருடைய தலையில் விழுகிறது. அநேகமாக ஒரு மகளின் அல்லது மருமகளின் தலையில்தான் விழுகிறது, அதைக் கணக்கில் சேர்க்காமல் ஆலோசனை சொல்பவர்கள்தான் அதிகம்.

## வழி 1: "வயசு போனா அப்பிடித்தான்" என்று விடுவது

சில வீடுகளில் இதுதான் சரியான முடிவு. 65 வயதுக்கு மேல் 7 முதல் 8 மணித்தியாலம் போதும் என்பது பொதுவான பரிந்துரை, சிலருக்கு ஐந்தரை ஆறும் காணும். வயதோடு ஆழ்ந்த நித்திரை குறையும், இடையிடையே விழிப்பு வரும், உடம்பின் நேரமும் முன்னுக்கு நகரும்.

கணக்கைப் பாருங்கள். இரவு எட்டு மணிக்கு நாடகம் முடிந்ததும் அம்மா படுக்கிறார். இரண்டரைக்கு எழும்பிவிடுகிறார். "ராவிரவா நித்திரை இல்லை" என்கிறார். ஆனால் எட்டிலிருந்து இரண்டரை வரை ஆறரை மணித்தியாலம் ஆகிவிட்டது. மத்தியானம் ஒரு மணித்தியாலம் சரிந்தும் இருப்பார். அவருக்கு நித்திரை காணுகிறது, நேரம்தான் இடம் மாறி நிற்கிறது. பகலில் உற்சாகமாக இருக்கிறார், கோழிக்குத் தீன் போடுகிறார், பேரப்பிள்ளையின் பெயர் தடுமாறவில்லை என்றால் விட்டுவிடலாம்.

ஆனால் குறட்டை, மூச்சுமுட்டல், பகல் தூக்கம், அழுகை, சாப்பாட்டு விருப்பமின்மை, வழி மறத்தல், சமைத்ததை அடுப்பிலேயே மறத்தல் இவற்றில் ஒன்று சேர்ந்தாலும் "வயசு" என்று சொல்லி மூடக்கூடாது. இந்த வழிக்குச் செலவு இல்லை என்று தோன்றும். சுகப்படுத்தக்கூடிய ஒன்றைத் தவறவிடுவதுதான் இதன் செலவு.

## வழி 2: பாமசிக் குளிசை

டயஸிபாம், குளோனஸிபாம் வகை நித்திரைக் குளிசைகளை டொக்டரின் துண்டு இல்லாமல் கொடுக்கக் கூடாது. ஆனால் பழைய துண்டைக் காட்டியும், அயலவரின் மிச்சக் குளிசையை வாங்கியும் போடுகிறவர்கள் இருக்கிறார்கள். துண்டு தேவைப்படாது என்று தடிமனுக்குப் போடும் பிரிட்டோனை இரவில் கொடுப்பவர்களும் உண்டு.

இது மலிவு, உடனே வேலை செய்யும், அன்றிரவே முழு வீடும் நித்திரை கொள்ளும். பல மாதம் நித்திரை இல்லாமல் தாயைப் பார்க்கும் ஒரு மகளுக்கு அந்த ஒரு இரவு எவ்வளவு பெரிது என்பதை நான் குறைத்துச் சொல்ல மாட்டேன்.

விலை பிறகுதான் தெரியும். 60 வயதுக்கு மேற்பட்டவர்களில் நித்திரை மருந்துகள் பற்றிய ஆய்வுகளைத் திரட்டி 2005இல் வெளிவந்த பகுப்பாய்வின்படி, 13 பேருக்குக் கொடுத்தால் ஒருவருக்கு நித்திரையின் தரம் கூடுகிறது, 6 பேருக்குக் கொடுத்தால் ஒருவருக்குத் தலைச்சுற்று, குழப்பம், பகல் சோர்வு போன்ற ஏதோவொரு தீங்கு வருகிறது. வயது போன உடம்பு டயஸிபாமை மெதுவாகத்தான் வெளியேற்றும். ஒரு குளிசையின் பாதி போகவே இரண்டு மூன்று நாளுக்கு மேலாகலாம். ஒவ்வொரு இரவும் போட்டால் உடம்பில் சேர்ந்துகொண்டே போகும். இரண்டு கிழமைக்குப் பிறகு அம்மா காலையில் சொன்னதையே திரும்பச் சொல்லுவார், கால் தள்ளாடும், வீட்டுக்காரர் "மறதி கூடிப்போச்சு" என்று இன்னும் பயப்படுவார்கள். கூடியது மறதி நோயாக இல்லாமல் குளிசையாக இருக்கலாம். இதைத்தான் முதலில் சந்தேகிக்க வேண்டும்.

நீண்ட காலம் போட்டால் மறதி நோயே வருமா என்பதில் ஆய்வுகள் ஒத்துப்போகவில்லை. கனடாவின் கியூபெக்கில் 2014இல் வெளியான ஆய்வு தொடர்பு உண்டென்றது, 2016இல் அமெரிக்காவில் வெளியான இன்னொன்று, காரணம் என்று சொல்ல ஆதாரம் இல்லையென்றது. அந்த விவாதம் முடியும்வரை காத்திருக்கத் தேவையில்லை. விழுவதும், எலும்பு முறிவதும், பகல் குழப்பமும் விவாதத்துக்கு அப்பாற்பட்டவை. ஆழ்ந்த நித்திரைதான் மூளைக்கு நல்லது என்று நினைத்துக் கொடுக்கிறோம், இந்தக் குளிசைகளோ ஆழ்ந்த நித்திரையைக் குறைக்கின்றன. அமெரிக்க முதியோர் மருத்துவச் சங்கத்தின் 2023ஆம் ஆண்டுப் பட்டியல், 65க்கு மேற்பட்டவர்களுக்கு இவற்றைத் தவிர்க்கச் சொல்கிறது. பிரிட்டோன் போன்ற பழைய ஒவ்வாமை மருந்துகளும் அதே பட்டியலில் இருக்கின்றன. நினைவுக்கு வேண்டிய அசெற்றில்கோலின் என்ற மூளை இரசாயனத்தை அவை மறிக்கின்றன, மலச்சிக்கல் தருகின்றன, புரஸ்டேற் வீங்கிய ஐயாமாருக்குச் சலம் அடைத்துவிடும்.

அப்போது எப்போது சரி? செத்த வீடு போன்ற கடும் துயரத்தில், டொக்டர் எழுதித் தந்து, சில நாட்களுக்கு, கடைசி நாள் எது என்று முதல் நாளே தீர்மானித்து. குறட்டைவிட்டு மூச்சு நிற்பவருக்கு அதுவும் வேண்டாம். சாராயம், கள்ளோடு சேர்த்தால் மூச்சே அடங்கிவிடலாம்.

## வழி 3: வெளிநாட்டிலிருந்து வரும் மெலடோனின்

கனடாவில் கடையில் வாங்கலாம், பிரித்தானியாவில் டொக்டர் எழுத வேண்டும். வழி 2ஐ விட இது பாதுகாப்பானது என்பது உண்மை. பலன் சிறிது: ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தபோது நித்திரை வர எடுக்கும் நேரம் சராசரியாக ஏழு நிமிடம் குறைந்தது. இடையில் எழும்புகிறவருக்கு இன்னும் குறைவான உதவிதான்.

போத்தலில் எழுதியிருக்கும் அளவை நம்பவும் முடியாது. கனடாவில் விற்ற 31 தயாரிப்புகளைச் சோதித்து 2017இல் வெளியான ஆய்வில், உள்ளே இருந்த அளவு எழுதியிருந்ததை விட 83 வீதம் குறைவு முதல் 478 வீதம் கூடுதல் வரை மாறியது. இரத்தம் உறையாமல் இருக்க வார்பரின் போடுகிறவர்கள் டொக்டரைக் கேட்காமல் தொடவே கூடாது.

நாட்டு மருந்தையும் இதிலேயே சொல்லிவிடுகிறேன். தலைக்கு எண்ணெய் வைத்து முழுகுவதில் கெடுதல் இல்லை, மனம் ஆறும். அமுக்கராவுக்குச் சிறிய ஆய்வுகளில் ஓரளவு பலன் தெரிந்திருக்கிறது, அரிதாக ஈரலைப் பாதித்தும் இருக்கிறது. தைரொயிட் மருந்து, நித்திரை மருந்து போடுகிறவர்கள் சேர்க்க வேண்டாம். சாதிக்காயைக் கூடுதலாக அரைத்துக் கொடுத்தால் நஞ்சு. "ஒரு கிளாஸ் அடிச்சாத்தான் நித்திரை" என்கிற அப்புமாருக்கு: சாராயம் கெதியில் நித்திரையைத் தரும், நடுச்சாமத்துக்குப் பிறகு அதே சாராயம்தான் எழுப்பும்.

## வழி 4: பழக்கத்தை மாற்றுவது

நீண்ட கால நித்திரையின்மைக்கு முதல் சிகிச்சையாக அமெரிக்க மருத்துவர் கல்லூரி 2016இல் பரிந்துரைத்தது குளிசையை அல்ல. நடத்தையையும் எண்ணத்தையும் மாற்றும் ஒரு சிகிச்சையைத்தான் பரிந்துரைத்தது. ஐரோப்பிய வழிகாட்டலும் அப்படியே. மாவட்ட வைத்தியசாலையின் மனநலப் பிரிவில் கேட்டுப் பார்க்கலாம். அதன் முக்கால்வாசியை வீட்டிலேயே செய்யலாம்.

முதலில் ஒரு பள்ளிக்கூடக் கொப்பி. இரண்டு கிழமைக்கு எப்போது படுத்தார், ஏறக்குறைய எப்போது நித்திரை, எத்தனை தரம் எழும்பினார், ஏன் எழும்பினார், காலையில் எத்தனை மணி, பகலில் எவ்வளவு நேரம் சரிந்தார் என்று எழுதுங்கள். பல வீடுகளில் காரணம் இந்தக் கொப்பியிலேயே தெரிந்துவிடும்.

அடுத்தது, பாயில் கிடக்கும் நேரத்தைச் சுருக்குவது. ஒன்பது மணித்தியாலம் கிடந்து ஆறு மணித்தியாலம்தான் நித்திரை என்றால், மிச்சம் மூன்றும் யோசனைக்கும் புரளுவதற்கும் போகிறது. எட்டுக்குப் படுப்பதைப் பத்துக்கு மாற்றுங்கள், நாலரைக்கு எழும்பட்டும். கிடக்கும் நேரத்தில் 85 வீதம் நித்திரையாக மாறியதும் கிழமைக்குப் பதினைந்து நிமிடம் கூட்டலாம். வயது போனவருக்கு ஆறு மணித்தியாலத்துக்குக் கீழே இறக்க வேண்டாம். வலிப்பு உள்ளவர், அடிக்கடி விழுகிறவர் டொக்டரைக் கேட்காமல் இதைத் தொடங்க வேண்டாம்.

பத்து மணிவரை விழித்திருப்பது எப்படி என்று கேட்பீர்கள். வெளிச்சம்தான் வழி. ஏழு மணிக்கே தூங்கி விழுந்து இரண்டுக்கு எழும்புகிறவர் பின்னேரம் ஐந்து, ஐந்தரைக்கு வெளியில் இருக்கட்டும். ஒழுங்கையில் நடக்கட்டும், கோயிலுக்குப் போய்வரட்டும், படலையடியில் கதைத்துக்கொண்டாவது இருக்கட்டும். உடம்பின் நேரம் மெல்லப் பின்னுக்கு நகரும். கதைக்க ஆள் கிடைப்பது மூளைக்கும் நல்லது.

மத்தியான நித்திரையை முற்றாக நிற்பாட்டு என்று சித்திரை வைகாசி வெயிலில் வன்னியில் ஒருவருக்குச் சொல்ல முடியாது. தகரக் கூரைக்குக் கீழே வேறென்ன செய்வது? மூன்று மணிக்கு முன், அரை மணித்தியாலத்துக்குள், அலாரம் வைத்து என்றால் போதும்.

தேத்தண்ணி மத்தியானத்துக்குப் பிறகு வேண்டாம் என்பது எல்லோருக்கும் தெரிந்தது. யாரும் சொல்லாதது வெற்றிலை. இரண்டு மணிக்கு எழும்பும் அம்மம்மா என்ன செய்கிறார் என்று ஒரு நாள் பாருங்கள். பாயில் எழும்பி இருந்து, தலைமாட்டில் இருக்கும் தட்டை இழுத்து, பாக்கு வெட்டி, சுண்ணாம்பு தடவி, புகையிலைத் துண்டு ஒன்றை நறுக்கி வாய்க்குள் வைக்கிறார். புகையிலையில் இருப்பது நிகொட்டின். அது மூளையைத் தட்டி எழுப்பும் சாமான், பாக்கும் அப்படித்தான். அதற்குப் பிறகு விடியும்வரை நித்திரை வராது. வாய்ப் புற்றுநோய் வேறு. ஒரேயடியாக விடச் சொன்னால் சண்டைதான் வரும். இரவில் தட்டைத் தலைமாட்டிலிருந்து எடுத்து வைப்பதோடு தொடங்குங்கள்.

இந்த வழிக்குக் காசு போகாது, நினைவைக் கெடுக்காது. விலை வேறு இடத்தில் இருக்கிறது. முதல் இரண்டு கிழமை நிலைமை மோசமாகும், பலர் அங்கேயே கைவிடுகிறார்கள். பலன் தெரிய நாலு முதல் எட்டுக் கிழமை செல்லும். கொப்பி எழுதுவதும் பத்து மணிவரை கூட இருப்பதும் அதே மகளின் வேலையாகிவிடும். ஒரு பேரப்பிள்ளையிடம் கொப்பியைக் கொடுங்கள். மறதி நோய் ஏற்கனவே கூடியவருக்கு நேரச் சுருக்கமும் கணக்கும் பொருந்தாது. பகல் வெளிச்சம், நடை, ஒரே நேரத்தில் சாப்பாடு, இரவில் அமைதி இவை மட்டும் போதும்.

## வழி 5: எழுப்புவது எது என்று தேடுவது

நித்திரை போவதற்குப் பெரும்பாலும் உடம்பிலோ மனதிலோ ஒரு காரணம் இருக்கிறது. அரச வைத்தியசாலையில் மருந்தும் பரிசோதனையும் இலவசம். செலவு பஸ்ஸும், விடியப்புறம் போய் நம்பர் எடுப்பதும், ஒரு நாள் வேலை கெடுவதும். டொக்டர் முன்னால் கிடைப்பது சில நிமிடம். அதனால் வீட்டிலிருந்தே தயாராகப் போக வேண்டும்.

குளிசைப் பையைப் பாயில் கொட்டி அடுக்குவதோடு தொடங்குங்கள். பிரஷர் கிளினிக், சீனிக் கிளினிக், தனியார் டொக்டர், மூன்றும் தந்ததெல்லாம் ஒரே சொப்பிங் பையில் கிடக்கும். சலம் போகிற குளிசையைப் பின்னேரத்தில் போட்டால் இரவெல்லாம் கக்கூசுக்குப் போக வேண்டும். காலைக்கு மாற்றலாமா என்று கேளுங்கள், அந்த ஒரு மாற்றத்தாலேயே பலருக்கு நித்திரை திரும்புகிறது. இழுப்புக்குத் தரும் தியோபிலின், ஸ்ரீரொயிட் குளிசைகளும் நித்திரையைக் கெடுக்கும். நேரத்தை நீங்களாகவே மாற்றாமல் கேட்டு மாற்றுங்கள்.

அடுத்தது சலம். சீனி கட்டுப்பாட்டில் இல்லையா, புரஸ்டேற்றா, சிறுநீரகமா? வவுனியாவிலும் அதைச் சுற்றிய விவசாயக் கிராமங்களிலும் நாட்பட்ட சிறுநீரக நோய் இருப்பது தெரிந்ததே. அந்த நோயில் இரவுச் சலமும் வரும், படுத்ததும் கால் குறுகுறுத்து ஆட்டிக்கொண்டே இருக்கச் சொல்லும் அவதியும் வரும். இரும்புச் சத்துக் குறைந்தாலும் அதே கால் அவதி வரும். உளைவுக்கென்று பாமசியில் வாங்கிப் போடும் நோக்குளிசைகள் சில சிறுநீரகத்தை இன்னும் கெடுக்கும்.

பிறகு குறட்டை. உரத்த குறட்டை, நடுவில் மூச்சு நின்று திணறி எழும்புவது, காலைத் தலையிடி, எத்தனை குளிசை போட்டும் இறங்காத பிரஷர், பகல் தூக்கம் எல்லாம் சேர்ந்தால் நித்திரையில் மூச்சடைப்பு என்று சந்தேகிக்க வேண்டும். பக்கத்தில் படுப்பவர் போனில் ஒரு நிமிடம் ஒலிப்பதிவு செய்து டொக்டருக்குக் கேட்க விடுங்கள், நூறு சொல்லை விட அது உதவும். பரிசோதனைக்கு வெளி மாவட்டத்துக்குப் போக நேரலாம். காற்றழுத்த மெஷின் இலட்சக் கணக்கில் போகும், கரண்ட் நின்றால் அதுவும் நிற்கும். சரிந்து படுப்பது, நிறை குறைப்பது, குடியை விடுவது காசில்லாமல் செய்யக்கூடியவை.

கனவில் கத்தி, கையை வீசி, பக்கத்தில் படுப்பவரை அடிப்பவர்கள் இருக்கிறார்கள். எங்கள் பக்கம் இதைச் "சண்டைக் கனவு" என்று விட்டுவிடுகிறோம், பலருக்கு அது உண்மையும்தான். ஆனால் விடியப்புறம் பக்கம் கனவை அப்படியே உடம்பால் செய்துகாட்டும் ஒரு நித்திரைக் கோளாறும் உண்டு. பார்க்கின்சன் நோய், லூயி பொடி வகை மறதி நோய் ஆகியவற்றுக்குப் பல வருடங்கள் முன்பே அது தோன்றலாம். இரண்டையும் வீட்டில் பிரித்தறிய முடியாது. டொக்டரிடம் நேரத்தோடு சொல்லுங்கள்.

அடுத்தது மனம். 2017 பெப்ரவரியில் கிளிநொச்சியில் தொடங்கிய, காணாமல் ஆக்கப்பட்டோரின் உறவுகளின் போராட்டத்தில் இருக்கும் பல தாய்மார் இப்போது எழுபதைத் தாண்டிவிட்டார்கள். அப்படி ஒரு தாய் இரவு படலைச் சத்தத்துக்கு எழும்பினால் அதைக் குளிசையால் அடக்க வேண்டிய குறையாக நான் பார்க்க மாட்டேன். ஆனால் துயரம் மனச்சோர்வாக மாறும்போது நித்திரை போகும், சாப்பாடு போகும், நினைவும் மங்கும். பார்ப்பதற்கு மறதி நோய் போலவே இருக்கும். அது சிகிச்சைக்கு அசையும். மனநலப் பிரிவுக்குப் போகக் கூச்சப்படுகிறவர்கள் 1926 என்ற தேசிய மனநல இலக்கத்துக்கு முதலில் கதைக்கலாம்.

மறதிக்கென்று கேட்க வேண்டியவை: தைரொயிட், பி12 இரத்தப் பரிசோதனை, காதும் கண்ணும். காது கேட்காதவர் "மறந்துவிட்டார்" என்று பேர் எடுப்பதை எத்தனையோ வீடுகளில் காணலாம்.

ஒன்று மட்டும் காத்திருக்கக் கூடாது. நேற்றுவரை நன்றாக இருந்தவர் இன்று திடீரென்று ஆள் தெரியாமல் கதைத்தால், இரவில் பிதற்றினால், அது நித்திரைப் பிரச்சினை இல்லை. சலத்தில் கிருமி, நிமோனியா, உப்புக் குறைவு, புது மருந்து என்று ஏதோவொன்று. 1990க்கு அம்புலன்ஸ் எடுத்து அன்றே ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

## பக்கத்தில் பக்கத்தில் வைத்தால்

| வழி | அடுத்த நாள் பகல் | விழுதல் | மாதக்கணக்கில் நினைவு | கைக்காசு | யாருக்கு வேலை |
|---|---|---|---|---|---|
| விடுவது | பகல் நன்றாக இருந்தால் மட்டும் சரி | மாற்றமில்லை | காரணம் இருந்தால் தவறவிடுவோம் | இல்லை | இல்லை |
| குளிசை | மந்தம், குழப்பம் | கூடும் | குழப்பம் கூடும், நீண்ட காலம் பற்றி விவாதம் | ஆரம்பத்தில் மலிவு | முதலில் இல்லை, விழுந்தால் முழு வீட்டுக்கும் |
| மெலடோனின் | பெரிதாகக் கெடாது | குறைவு | பலன் காட்டப்படவில்லை | அனுப்புபவருக்கு | இல்லை |
| பழக்கம் | முதலில் சோர்வு, பிறகு தெளிவு | முதல் கிழமைகளில் கவனம் | கெடுதல் இல்லை | இல்லை | மகள், பேரப்பிள்ளை |
| காரணம் தேடல் | காரணம் தீர்ந்தால் தெளிவு | குறையும் | சுகப்படுத்தக்கூடியது பிடிபடும் | பஸ், ஓட்டோ, நாள்கூலி | கூட்டிப் போகிறவர் |

## எந்த வீட்டுக்கு எது

நேரத்தோடு படுத்து நேரத்தோடு எழும்பி, பகலில் நன்றாக இருப்பவரை விட்டுவிடுங்கள். எழும்புவதுதான் தொந்தரவு என்றால் வழி 4. மறதியும் நித்திரைக் குறைவும் சேர்ந்து, கடந்த ஒரு வருடத்தில் கூடியிருந்தால் வழி 5இல் தொடங்குங்கள், வழி 4ஐ அதனோடு சேர்த்துச் செய்யுங்கள். மெலடோனின் ஏற்கனவே வந்துவிட்டதென்றால் போத்தலைக் கிளினிக்குக் கொண்டுபோய்க் காட்டுங்கள். தனியாக இருக்கிற முதியவருக்கு, முற்றம் தாண்டிக் கக்கூஸ் இருக்கிற வீட்டில், குளிசையைத் தொடங்க நான் எந்த நிலையிலும் சொல்ல மாட்டேன்.

## ஏற்கனவே வருடக்கணக்காகப் போடுகிறவர்கள்

இதை வாசித்துவிட்டு இன்றிரவே நிற்பாட்ட வேண்டாம். டயஸிபாம் வகையைத் திடீரென்று விட்டால் நடுக்கம், பதற்றம், சிலருக்கு வலிப்பும் வரும். டொக்டரோடு கதைத்துக் கிழமைக் கணக்கிலோ மாதக் கணக்கிலோ கொஞ்சம் கொஞ்சமாகக் குறைக்க வேண்டும். வயது போனவர்களால் முடியாது என்று நினைக்கவும் வேண்டாம். கியூபெக்கில் 65 வயதுக்கு மேற்பட்ட, நீண்ட காலம் போட்டுவந்த 303 பேரில் ஒரு பகுதியினருக்கு, ஆபத்தையும் படிப்படியாகக் குறைக்கும் முறையையும் விளக்கும் ஒரு சிறு கைநூலைக் கொடுத்தார்கள். ஆறு மாதத்தில் அவர்களில் 27 வீதமானோர் முற்றாக விட்டுவிட்டார்கள். கைநூல் கிடைக்காதவர்களில் விட்டது 5 வீதம். அது 2014இல் வெளியான ஆய்வு. எங்கள் ஆட்களுக்கும் ஆறுதலாக இருந்து விளங்கப்படுத்தினால் கேட்பார்கள்.

## வெளிநாட்டில் இருந்து அனுப்புகிறவர்களுக்கு

மெலடோனினுக்குப் பதிலாக என்ன அனுப்பலாம் என்று கேட்டால், முதலில் படுக்கையிலிருந்து கக்கூஸ் வரை உள்ள பாதைக்குச் சூரிய ஒளியில் எரியும் லைற்றுகள், பிடித்து நடக்க ஒரு கம்பி. இயலாதவருக்கு இரவில் கட்டிலடியில் வைக்கும் கொமோட் கதிரை. காசு காணுமென்றால் வீட்டோடு சேர்ந்த கக்கூஸ் ஒன்று. ஒரு பான், நல்ல நுளம்பு வலை. காதைச் சோதித்து, தேவையென்றால் கேட்கும் கருவி, அதன் பற்றறிக்கு மாதா மாதம் காசு. கிளினிக் நாளில் ஓட்டோவுக்கும், கூட்டிப் போகிறவரின் நாள்கூலிக்கும். அம்மாவைப் பார்க்கிற தங்கச்சிக்கு மாதத்தில் இரண்டு மூன்று இரவு வேறு ஒருவர் வந்து படுக்க ஏற்பாடு செய்து, அந்த ஆளுக்குக் கொடுக்க வேண்டியதையும் அனுப்புங்கள்.